மாதா மாதம் வரும் கரண்ட் பில்

2025 பிப்ரவரி 3, திங்கள்

இன்று ஆறு கால்சட்டை, நான்கு குர்தா தைத்துக் கொடுத்து முடித்தேன். பிரான்சுக்காரம்மா எண்ணிக்கூடப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, வா, காபி குடிக்கலாம் என்று ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் கடைக்கு அழைத்துப் போனாள். இரண்டு காபி, ஒரு கேக். ஐந்நூற்று நாற்பது ரூபாய். பில் வந்ததும் அவள் பைக்குள் கையை விட்டாள். நான் முந்திக்கொண்டு கார்டை நீட்டிவிட்டேன்.

ஏன் நீட்டினேன்? செங்கம் ரோடு முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டு நடந்தேன். ஒரு குர்தாவில் எனக்கு நிற்பது இருநூறு. அப்படியென்றால் கிட்டத்தட்ட மூன்று குர்தாவைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருந்தது. வாங்குகிற கையாகவே இருந்து சலித்துவிட்டது எனக்கு. கொடுக்கிற கையாக ஒரு நிமிஷம்.

கிரெடிட் கார்டு வந்து மூன்று மாதம். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒரு வங்கிக்காரப் பெண் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு கடை கடையாக வந்தவள், வீட்டில் தைக்கிற என்னிடமும் வந்தாள். உங்கள் க்யூஆருக்குப் பணம் நன்றாக வருகிறதே மேடம் என்றாள். ஆதார், பான், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஒரு லட்சத்து இருபதாயிரம் வரை உங்களுடையது என்றாள். "உங்களுடையது" என்றுதான் சொன்னாள், நன்றாக நினைவிருக்கிறது.

அவருக்குச் சொல்லவில்லை. அவர், அதாவது அய்யூப் — பெயரை எழுதக் கை கூசுகிறது, பதினேழு வருடம் குடும்பம் நடத்தியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை. அதோடு எங்கள் பள்ளிவாசல் பைத்துல்மால் நோட்டை ஒன்பது வருடமாக எழுதுகிறவர். கஷ்டப்படுகிறவர்கள் நகையை வைத்து அங்கே கடன் வாங்கலாம், வாங்கியதை மட்டும் திருப்பினால் போதும், வட்டி கிடையாது. இவரைப் பெற்ற அத்தாவின் கடை ஒரு ஃபைனான்ஸ்காரனிடம் வட்டியில்தான் போனது. நிக்காஹ் ஆன புதிதில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நம்ம வூட்டுக்குள்ள வட்டி வரக் கூடாது. வாங்கவும் வேணாம், குடுக்கவும் வேணாம்." வேறு எதையும் இன்றுவரை கேட்டதில்லை.

கார்டு கடன் இல்லையே. கடன் என்றால் ஒருவர் வாசலில் போய் நிற்க வேண்டும். நான் எங்கேயும் நிற்கவில்லை.

அப்புறம் ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 13, வியாழன்

மதியம் அவர் சாப்பிட வந்திருந்தார். போன் மெஷின் மேல் கிடந்தது. மெசேஜ் மணி அடித்தது, எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மூடிய திரையில் ஓரமாகத் தெரிந்த துண்டு வரியைப் படித்தார்.

"எம்... ஐ... என்... மின். மின் ட்யூ. ஆயிரத்தி ஐநூத்தி எழுவது. ஜாஹிரா, கரண்ட் பில் வந்துருக்கு பாரு. இப்பல்லாம் இங்கிலீஷ்லயே தமிழ் போடுறான்."

நான் அடுப்படியில் ரசத்தோடு நின்றேன். அது கார்டு பில். மினிமம் என்பதைச் சுருக்கி மின் என்று போடுகிறார்கள். சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"ஆமாங்க. நான் கட்டிர்றேன்."

"இன்னா இவ்ளோ ஜாஸ்தி?"

"மோட்டார் மெஷின் ஓடுதுல்ல."

தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார். நான் பொய் சொல்லவில்லை, அவர்தான் தப்பாகப் படித்தார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டது பொய்.

பிப்ரவரி 14

கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று அவருக்கு ஞாபகம் வரக்கூடாது.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. இன்றுதான் கார்டுக்குக் கடைசி நாளும். செயலியைத் திறந்தால் இரண்டு கட்டம். ஒன்றில் மொத்தம் 31,400. இன்னொன்றில் மின், 1,570. முதல் இரண்டு மாதம் பில் சின்னது, மொத்தத்தையும் கட்டினேன். இந்தத் தடவை கையில் அவ்வளவு இல்லை; பிரான்சுக்காரம்மாவும் போய்விட்டாள், வெயில் வந்தால் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். சின்னக் கட்டத்தை அமுக்கினேன். பச்சை டிக் வந்தது. நன்றி என்றும் போட்டார்கள்.

மொத்தம் என்பது முழுக் கணக்கு, மின் என்பது இந்த மாதத் தவணை. அப்படித்தானே இருக்க வேண்டும்? தவணை கட்டியாயிற்று என்றால் நன்றி சொல்லத்தானே செய்வார்கள்.

மார்ச் 19, புதன்

பெருநாள் சாமான் வாங்கப் போனேன். மகள் ரூக்ஸார் பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு சுடிதார் என்றுதான் கிளம்பினேன். அப்புறம் நாத்தனார் மெஹ்விஷின் இரண்டு பெண்களுக்கும் எடுக்காமல் எப்படி? எடுத்தேன். அவர்களுக்கு வெள்ளிக் கொலுசு. மெஹ்விஷுக்குப் புடவை. அவள் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். போன வருடம் அவள் எங்களுக்கு மிக்ஸி கொடுத்தாள். அதில் அரைக்கும்போதெல்லாம் அவள் முகம் தெரிகிறது. இந்த வருடம் நான் குறைந்துபோகக் கூடாது.

எனக்கு ஒன்றும் வாங்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மெசேஜ்: இன்னும் இருப்பது ஐம்பத்தோராயிரம். அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. அது என் பணமா, அவர்கள் பணமா? இருப்பு என்றுதானே போட்டிருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். மெஹ்விஷ் ஆம்பூரிலிருந்து வந்தாள். கொலுசைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "எதுக்கு அண்ணி இவ்ளோ" என்றாள். அவளும் சும்மா வரவில்லை. ரூக்ஸாருக்குக் கைக்கடிகாரம், அவருக்குச் சட்டை, எனக்கு அத்தர். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் எல்லோரிடமும் தங்கச்சி எடுத்தது என்று சொன்னார். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மின் ட்யூ 3,560.

இந்தத் தடவையும் அவர்தான் முதலில் பார்த்தார். என் நேரம்.

"மூவாயிரத்தி ஐநூத்தி அறுவதா? நாம இன்னா மில்லா வச்சிருக்கோம்?"

நான் இஸ்திரிப்பெட்டி என்றேன், மெஷின் என்றேன், ஃப்ரிட்ஜ் பழசு என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "ஆமா, அதுவும் தின்னும்" என்றார். என்னை நம்பிக்கொண்டே வந்தார். ஒரு ஆள் இப்படி நம்பினால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மதியம் கடையை அடைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுப்பார். பத்து நாளாக ஃபேனை அணைத்துவிட்டுப் படுக்கிறார். வெளியே அடுப்பு மாதிரி கொதிக்கிறது. மலைக்கல்லில் பட்ட சூடு சாயந்திரம் வரை ஊருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது.

"ஃபேன் போடுங்க."

"வேணாம். நீ மெஷினுக்கு எடுத்துக்க. வருமானம் வர்ற கரண்டு அதான்."

ஃப்ரிட்ஜையும் பகலில் அணைக்கிறார். ரூக்ஸார் பால் திரிந்துவிட்டது என்று கத்தினாள். நான் அவளைத்தான் திட்டினேன்.

ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குவார். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரமாட்டேன் என்கிறது. என்ன மனுஷி நான்?

மே 5, திங்கள்

எதுவும் புரியவில்லை. வரிசையாக எழுதினால் புரியுமா பார்க்கிறேன்.

ஏப்ரல் பில்லில் மொத்தம் 71,200. மூன்று நாள் முன்பு, மே இரண்டாம் தேதி, 3,560 கட்டினேன். ஏப்ரல் பன்னிரண்டுக்குப் பிறகு கார்டைத் தொடவே இல்லை. அப்படியென்றால் பாக்கி 67,640 இருக்க வேண்டும். இன்று செயலியில் ஒரு ஓரத்தில் பார்த்தேன், எழுபதாயிரத்துக்கு மேல் காட்டுகிறது. வங்கிக்காரர்கள் தப்பாகக் கூட்டிவிட்டார்கள் என்று நினைத்து போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு என்று அரை மணி நேரம். கடைசியில் ஒரு பெண். நல்ல குரல், நல்ல மரியாதை.

"மேம், மினிமம் ட்யூ கட்டுனா லேட் ஃபீஸ் வராது. அவ்வளவுதான். மீதிக்கு ஃபைனான்ஸ் சார்ஜஸ் வரும்."

"ஃபைனான்ஸ் சார்ஜுனா இன்னாம்மா?"

"இன்ட்ரஸ்ட், மேம்."

"வட்டியா?"

"ஆமாங்க மேம். மாசத்துக்கு மூணே முக்கால் பர்சன்ட். அதுக்கு மேல வரி. மொத்தமா கட்டாம விட்டதால நீங்க புதுசா வாங்குனதுக்கும் வாங்குன தேதியிலேர்ந்தே போட்டிருக்காங்க."

வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேம் என்று கேட்டாள். வேண்டாம் என்று நன்றி சொன்னேன். நானும் நன்றி சொன்னேன், பாருங்கள்.

மூணே முக்கால் வட்டி. மார்க்கெட்டில் சைக்கிளில் வருகிற ஆளே மூணு வட்டிதான் வாங்குகிறான். அவனைப் பார்த்தால் நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வோம். நான் கட்டிய மூவாயிரத்து ஐந்நூற்று அறுபதில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு மேல் வட்டிக்கும் வரிக்குமே போயிருக்கிறது. எழுநூறு ரூபாய்தான் கடனில் கழிந்தது.

பில்லில் எங்கேயும் வட்டி என்று போடவில்லையே. சார்ஜ் என்றுதானே போட்டான். ஆட்டோக்காரனும் சார்ஜ்தான் கேட்கிறான்.

மே 6

மார்ச்சிலேர்ந்து வட்டி கட்டுறேன். அவர் நோன்பு வச்சிருந்தப்ப நான் வட்டி கட்டிக்கிட்டிருந்தேன். யா அல்லாஹ்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. கிரிவலக் கூட்டம். ஊருக்குள் ஒரு வண்டி நுழைய முடியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேலைக்கு வரும் வெள்ளையம்மாளும் வரவில்லை. தைக்கத் துணியும் இல்லை. சும்மா உட்கார்ந்து கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைப் புடைப்பாக அச்சடித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து சர்டிபிகேட்டுக்கு அப்புறம் என் பெயரை மட்டும் தனியாக அச்சில் பார்த்தது இதில்தான்.

பில் வரும் நாள் இன்று. போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

மே 20, செவ்வாய்

வெள்ளையம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவள் எனக்கு ஓரம் அடித்து, பித்தான் வைத்துக் கொடுப்பவள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அவள் ஊசியை நிறுத்தவே இல்லை.

"அவ்ளோதானா? நான் வேற யாராவது செத்துட்டாங்களோன்னு நெனச்சேன்."

"வட்டிம்மா அது. எங்களுக்கு ஆவாது."

"எங்களுக்கு மட்டும் இனிக்குதா? நான் குழுவுல நாப்பதாயிரம் வாங்கியிருக்கேன். வாராவாரம் கட்டணும். ஒரு வாரம் தவறுனா மத்த பொம்பளைங்க பத்து பேரும் வந்து வாசல்ல குந்திப்பாங்க. சோறு பொங்க உடமாட்டாங்க. அந்த பயத்துலயே கட்டிடுவோம். உன்னாண்ட யாருமே வந்து குந்தல பாரு, அதான் உனக்குத் தெரியல."

அப்புறம் நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்: "பாய்க்கு இன்னும் தெரியாதா? ஃபேன் இல்லாம படுக்குறாரே அந்த மனுசன்."

அவளுக்கே தெரிந்திருக்கிறது. கொலுசு வாங்கியது யார் பணத்தில் என்று இப்போது யோசிக்கிறேன். மெஹ்விஷுக்கு நான் கொடுக்கவில்லை. வங்கிக்காரன் கொடுத்தான், பெயர் மட்டும் என்னுடையது. காபிக்கும் அதே கதைதான். ஆனால் புடவையை நான்தானே தேர்ந்தெடுத்தேன், நேரம் செலவழித்தேன், ஆசைப்பட்டேன். அதற்குக் கணக்கில் இடமே இல்லையா? குழப்பமாக இருக்கிறது.

மே 30, வெள்ளி

ரூக்ஸாருக்குப் பிளஸ் ஒன் கட்டணம். கையில் இல்லை. கார்டில் இடம் இருக்கிறது. அரை மணி நேரம் செயலியைத் திறந்து திறந்து மூடினேன். கடைசியில் என் ஜிமிக்கியை விற்றுக் கட்டினேன். அவரிடம், திருகு போய்விட்டது, பட்டறையில் கொடுத்திருக்கிறேன் என்றேன். இன்னொரு பொய். பொய்க்கும் மின் ட்யூ இருக்கிறது போல. கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று தெரிந்துவிட்டது.

காலையில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மின்வாரிய ஆபீசுக்குப் போயிருக்கிறார். நேற்று என் போனைப் பார்த்தாரா, எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. மின் ட்யூ மூவாயிரத்துச் சொச்சம் மறுபடியும் வந்திருக்கிறதே, ஃபேன் போடாமல், ஃப்ரிட்ஜ் போடாமல் எப்படி வரும், மாசாமாசம் எப்படி வரும், மீட்டரில் ஏதோ கோளாறு என்று எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கவுன்ட்டரில் வேதா என்று ஒரு அம்மா. வரிசையில் நின்று அவரிடம் சண்டை போட்டிருக்கிறார். எங்கள் வீட்டு நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா திரையை இவர் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார். பிப்ரவரி நானூற்றுப் பத்து. ஏப்ரல் முந்நூற்று எண்பத்தைந்து. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்களாம்.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவினார். நான் மெஷினில் இருந்தேன். எதிரே உட்கார்ந்தார்.

"கரண்ட்டுக்கு நாம முன்னூத்தி எம்பத்தஞ்சுதான் கட்றமாம். மீதிய யாருக்குக் கட்டுன?"

சொன்னேன். கார்டு, காபி, கொலுசு, புடவை, ஜிமிக்கி, எல்லாம். முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. நடுவில் அழுதேன், நடுவில் ஏனோ அவரையே கோபித்தேன். நீங்கள்தானே மின் என்று படித்தீர்கள் என்று கூடச் சொல்லிவிட்டேன். முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"அதுல வட்டி இருக்கா?"

"இருக்கு."

"எத்தினி?"

"மூணே முக்கா."

"எங்கத்தாவுக்கு மூணு" என்றார்.

எழுந்து போய் ஃபேனைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். ஏழு வாரத்துக்கு அப்புறம்.

ஜூன் 4

பேசவில்லை.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். குர்பானிப் பங்கில் இந்த வருடம் நாங்கள் சேரவில்லை. கடன் இருக்கிறவன் முதலில் கடனைத்தான் பார்க்க வேண்டும் என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். யாருடைய கடன் என்று சொல்லவில்லை. என்னிடம் சாப்பாடு, தண்ணீர், சாவி என்று மூன்று வார்த்தை பேசினார். திட்டினால் நானும் ஏதாவது சொல்லுவேன். இதற்கு என்ன சொல்லுவது?

ஜூன் 15, ஞாயிறு

பள்ளிவாசல் ஜமாஅத் செயலாளர் ஃபைசான் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்; வாசலிலேயே நின்றார்.

"பாய் பைத்துல்மால் நோட்ட திருப்பிக் குடுத்துட்டாரும்மா. ஒம்போது வருசமா ஒரு பைசா தப்பினதில்ல. ஏன் பாய்னா, 'என் கை சுத்தமா இல்ல'ங்கிறார். நான் கைல புண்ணோன்னு நெனச்சி, எந்த டாக்டராண்ட காட்டுறீங்கன்னு கேட்டுட்டேன். இன்னாம்மா ஆச்சு?"

எனக்குத் தெரியாது என்றேன்.

ஃபைசான் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவர் காட்டிக் கொடுக்கவில்லை என்னை. என் பேரை இழுக்காமல் தன் கையைச் சொல்லியிருக்கிறார். இதற்கு அவர் ஊரைக் கூட்டித் திட்டியிருக்கலாம், எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஜூன் 28, சனி

வங்கிப் பெண் மறுபடி போனில்: மொத்த பாக்கியையும் தவணையாக மாற்றிக்கொள்ளுங்கள் மேம், வட்டி பாதிக்கும் கீழே வரும். கம்மி வட்டி. நல்ல யோசனைதான், யார் கேட்டாலும் சரி என்பார்கள். ஆனால் கம்மியாக இருந்தாலும் வட்டி வட்டிதானே? ஜாஸ்தி வட்டியில் கிடந்துகொண்டு கம்மி வட்டி வேண்டாம் என்பது பைத்தியக்காரத்தனமா? அவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். பதினேழு வருடத்தில் இந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. நான் மாற்றவில்லை. சரியா தப்பா தெரியவில்லை.

ஓரம் அடிக்கும் மெஷினை விற்றேன். பதினோராயிரம். அப்படியே கார்டில் கட்டினேன். கார்டைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். துணிக் கத்தரிக்கோல், முனை மழுங்கிவிட்டது. எல்லாக் கடைச் செயலியிலிருந்தும் நம்பரை அழித்தேன். நறுக்கினால் பாக்கி போய்விடாது என்று எனக்கும் தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

மெஹ்விஷ் போன் செய்தாள். அவளுடைய பெரிய மகளுக்கு நிச்சயம், ஆடி முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று. நம் வீடுகளில் ஆடி பார்ப்பதில்லையே என்றேன். கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது என்று என்னவோ குழப்பினாள். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, இந்தத் தடவை பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, பெருநாளைக்கு வாங்கியதே கார்டில் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அண்ணி... அந்தக் கடிகாரம், சட்டை எல்லாம் நானும் கார்டுலதான் எடுத்தேன். போன வருசம் மிக்ஸியும். நீங்க வெள்ளைக்காரங்களுக்குத் தைக்கிறீங்க, வசதியா இருக்கீங்க, உங்க முன்னாடி கம்மியா தெரியக் கூடாதுன்னு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருமே சிரிப்பதை நிறுத்திவிட்டோம். அவள் பாக்கி என்னுடையதைவிட ஜாஸ்தி. மினிமம்தான் கட்டுகிறாளாம். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

போன மாதக் கடைசியில் ஒரு பெரிய ஆர்டர். தங்கும் விடுதி ஒன்றுக்குத் திரைச்சீலை. வந்ததை எல்லாம் கட்டிவிட்டேன். காபி கடை பக்கம் போவதில்லை, அந்தச் சந்தில் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். பாக்கி 52,300.

சாப்பிடும்போது அவராகக் கேட்டார்: "மொத்தம் எவ்ளோ நிக்குது?" சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழித்துவிடுவாரோ என்று பயம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில், "அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஆபீசுக்கு வா. ஆதார் எடுத்துக்க. ரெண்டு வளையலையும் எடுத்துக்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வளையலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

பெண்கள் பக்கத்து வாசல் வழியாக உள்ளே போனால் அந்த மேசை. ஒன்பது வருடம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஃபைசான் இருந்தார். இவர் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், கடன் கேட்டு வருகிறவர்கள் நிற்கிற இடத்தில். எனக்கு முன்னால் இரண்டு பேர். இவர் இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்து, முறைப்படி காத்திருந்திருக்கிறார். ஃபைசான், "நீங்க போயி வரிசையிலயா பாய்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார், இவர் கேட்கவில்லை.

எங்கள் முறை வந்தது. படிவத்தில் எல்லாம் நிரப்பியிருந்தது. பெயர் அய்யூப். தொகை ஐம்பதாயிரம். மாதம் ஐயாயிரம், பத்து மாதம். காரணம் என்ற இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

ஃபைசான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மருத்துவச் செலவுன்னு போட்டுடவா பாய்? இந்த நோட்டு நாலு பேரு பாக்குறது" என்றார்.

"வேணாம். பேனாவ குடு."

மேசை மேல் குனிந்து அவரே எழுதினார். ஒரு வரிதான். எழுதிவிட்டு வளையல்களை என் கையிலிருந்து வாங்கித் தராசில் வைத்தார். நகை என்னுடையது என்பதால் நானும் கையெழுத்துப் போட வேண்டும். ஃபைசான் படிவத்தை என் பக்கம் திருப்பினார். அந்த வரியைப் படித்தேன்.

"கார்டுக்கு வட்டி கட்டினோம். அதை நிறுத்த வேண்டும்."

கட்டினாள் என்று எழுதியிருக்கலாம். அதுதான் நடந்தது. ஃபைசானுக்கும் அப்போதே எல்லாம் புரிந்திருக்கும், அப்படி எழுதியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்பது வருடம் அந்த நோட்டில் நடக்காத ஒன்றை எழுதாதவர், கட்டினோம் என்று எழுதியிருக்கிறார்.

நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.